தொடக்க விழாவோடு முடிந்துபோகும் கிளைகள்

கல்லூரிக் கிளை என்பது ஒரு உடல்நலத் தொண்டு நிறுவனம் தன் பெயரையும் தன் வேலையில் ஒரு பங்கையும் ஒரு வளாகத்து மாணவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. ரத்ததானம், எச்.ஐ.வி. தடுப்பு, மனநலம், வலிதணிப்புப் பராமரிப்பு, மருந்து விலை என்று எந்தத் துறையை எடுத்தாலும் இன்று அதற்கு மாணவர் கிளைகள் உண்டு. இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது அரசுதான். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதுவும், இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும், பின்னால் வந்த செஞ்சுருள் சங்கமும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் அடுத்தடுத்து இடம்பிடித்திருக்கின்றன. தனியார் தொண்டு நிறுவனங்களும் அதே தடத்தில் வருகின்றன.

இந்தக் கிளைகளைத் தொடங்க மாணவர்களுக்கு எப்படி உதவுவது என்பதில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள். துடிப்பான ஒரு மாணவத் தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கையில் கையேடு, இலச்சினை, சுவரொட்டி, டி-ஷர்ட் எல்லாம் அடங்கிய தொகுப்பைக் கொடுக்க வேண்டும். முதல் நிகழ்ச்சியாக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும். பிறகு கிளை தானாக வளரும். அடுத்த கல்லூரிக்குப் போகலாம். ஆண்டறிக்கையில் கிளைகளின் எண்ணிக்கை ஏறும்; நன்கொடையாளரும் அந்த எண்ணைத்தான் கேட்பார். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த முறை, கிளைகள் ஓராண்டுக்குள் பெயரளவில் நின்றுபோவதற்கு முதன்மைக் காரணம். இதில் உதவி முழுவதும் தொடக்கத்தில் கொட்டப்படுகிறது. கிளைக்கு உதவி தேவைப்படுவதோ இரண்டாம் ஆண்டில்.

தலைவரிலிருந்தே பார்க்கலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் வளாகத்தில் இருப்பது ஆறு செமஸ்டர். தலைவர் பொறுப்புக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் இறுதியாண்டு மாணவர். அவரைத்தான் எல்லோருக்கும் தெரியும், பேராசிரியர்களிடம் பேச அவருக்குத்தான் தயக்கம் இருக்காது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வகுப்பு தொடங்குகிறது. அனுமதிக் கடிதம், பொறுப்பாசிரியர் நியமனம், தொடக்க விழா என்று ஆகஸ்ட் போய்விடும். அடுத்து இன்டெர்னல், அதற்கடுத்து நவம்பர் செமஸ்டர் தேர்வு. டிசம்பருக்குப் பிறகு புராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ, மேற்படிப்பு நுழைவுத் தேர்வு. ஏப்ரலில் அவர் கல்லூரியை விட்டே போய்விடுவார். விடுமுறையையும் தேர்வையும் கழித்தால் கிளைக்கென்று அவர் கையில் எஞ்சுவது சில வாரங்கள்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் தலைமைப் பண்புப் பயிலரங்குகளுக்கு இரண்டு நாள் ஒதுக்கப்படுகிறது.

அவர் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவு பெரிய பள்ளத்தை விட்டுவிட்டுப் போகிறார். ரத்த வங்கி மருத்துவரின் எண் அவருடைய கைப்பேசியில் இருக்கும். கொடையாளர் பட்டியல் அவர் நிர்வகிக்கும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். சமூக ஊடகப் பக்கத்தின் கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும். முதல்வர் அறைக்குள் எந்த நேரத்தில் போனால் கையெழுத்து கிடைக்கும் என்பதும் அவர் ஒருவர் அறிந்த ரகசியம். அடுத்த ஜூலையில் பொறுப்பேற்பவர் கைக்கு வருவது போன வருட பேனரும் ஒரு பெட்டி மிச்சத் துண்டறிக்கைகளும். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். தலைமையகமும் அதை இன்னொரு தொடக்கமாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

தனியொரு மாணவரின் கனல் போதும் என்று வாதிடுவோர் அமெரிக்காவின் ஆக்டிவ் மைண்ட்ஸ் அமைப்பை எடுத்துக்காட்டுவது வழக்கம். அலிசன் மால்மன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 2000ஆம் ஆண்டில், அவருடைய அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு அவர் தன் வளாகத்தில் மாணவர்கள் மனநலம் குறித்து வெளிப்படையாகப் பேச ஒரு குழுவைத் தொடங்கினார். அது இன்று நாடு முழுதும் கிளை பரப்பிய அமைப்பு. கதை உண்மை, அதிலிருந்து எடுக்கும் பாடம்தான் பாதி. பட்டம் பெற்று வெளியேறிய 2003இல் மால்மன் செய்தது தனக்குப் பின் இன்னொரு மால்மனைத் தேடுவதாக இருக்கவில்லை. அவர் அந்தக் குழுவைச் சம்பளப் பணியாளர்கள் கொண்ட ஒரு தொண்டு நிறுவனமாக ஆக்கினார். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். தொலைபேசியை எடுக்க நிலையான ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. எடுத்துக்காட்டுவோர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது தலைமையகத்தில் தயாராவது. விடுதியோடு கூடிய பெருநகரக் கல்லூரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு உறுப்பினர் கூட்டம் என்று அதில் இருக்கும். வட்டத் தலைநகரத்து அரசு கலைக் கல்லூரியில் மூன்றரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வேறு பஸ் இல்லாத மாணவியருக்கு அந்தக் கூட்டம் நடக்காத கூட்டம்தான். ஷிப்ட் முறையில் இயங்கும் கல்லூரியில் காலை வகுப்புக்காரரும் பிற்பகல் வகுப்புக்காரரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அரிது. முதல்வருக்கு எழுதும் கடிதத்தின் மாதிரி, வசூலிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் யார் பெயரில் ரசீது என்ற விதி, பொறுப்பாசிரியர் மாற்றலாகிப்போனால் யாரிடம் போவது என்ற விவரம் ஆகியவைதான் உடனடித் தேவை. தொகுப்பில் இவை இருப்பதில்லை, டி-ஷர்ட் இருக்கும்.

விழிப்புணர்வு நிகழ்ச்சியோடு தொடங்கு என்ற அறிவுரைதான் இவற்றில் மிகுந்த தீங்கு செய்வது. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று ஒரு கல்லூரியில் நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். காலை பத்து மணிக்கு வாயிலில் ஃபிளெக்ஸ், சட்டையில் குத்திக்கொள்ளச் சிவப்பு ரிப்பன், ரங்கோலிப் போட்டி, வாசகம் எழுதும் போட்டி, உறுதிமொழி, பேரணி. வருபவர்களுக்கு ஓ.டி., அதாவது வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு, உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேரணி கிளம்புமுன் இடமும் நேரமும் பதிவாகும்படி ஒரு ஜியோ டேக் படம் எடுக்கப்படும். அந்தப் படம் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான கோப்பில் விரிவாக்கப் பணி என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேரும். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பேரணியில் நடந்த ஒரு மாணவர், எச்.ஐ.வி. சோதனையை யாருக்கும் தெரியாமல் எங்கே செய்துகொள்ளலாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டால், அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று சொல்ல அந்த இடத்தில் ஓர் ஆள் இருப்பாரா? இருந்தால் அந்தக் கிளை உயிரோடிருக்கிறது. பெரும்பாலும் இருப்பதில்லை.

இதற்கு மறுதரப்பிடம் நல்ல சான்றுகள் உண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல், நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கப்பட்டபோது, தொட்டால் பரவுமா, கொசு கடித்தால் பரவுமா என்ற கேள்விகள்தான் எங்கும் இருந்தன. அன்று விளக்கிச் சொல்வதே பெரிய வேலை. ஆக்டிவ் மைண்ட்ஸ் குறித்து ராண்ட் நிறுவனம் கலிஃபோர்னியாவின் 12 கல்லூரிகளில் 1,129 மாணவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வும், அமைப்பின் பணிகளை அதிகம் அறிந்தவர்களிடம் மனநலம் பற்றிய அறிவு கூடியதையும் மனநோயை இழிவாகப் பார்க்கும் போக்கு குறைந்ததையும் ஒரே கல்வியாண்டுக்குள் காட்டியது. ஆகவே விழிப்புணர்வு வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே ஆய்வின்படி, அல்லற்படும் சக மாணவருக்குக் கைகொடுக்கும் நடத்தை கூடியது அமைப்பின் வேலைகளில் தொடர்ந்து ஈடுபட்டவர்களிடம். சுவரொட்டியைப் பார்ப்பது கருத்தை மாற்றும். செயலை மாற்றுவதற்குச் செய்ய ஒரு வேலை வேண்டும்.

மாணவர் ஒருவருக்குத் திட்டமான வேலையும், வழிகாட்டும் ஆசிரியரும், பின்னால் ஓர் ஆய்வகமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் வெளிப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவின் ஆய்வேட்டுப் பணியால். தலைப்பைக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரிப்பதும் அதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதும் வேலை. சென்னையில் அன்று அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. நிர்மலா மேடைப் பேச்சாளரோ சங்கத் தலைவரோ அல்லர். அவர் நடத்தியது கிளையும் அல்ல. ஆனாலும் கிளை தொடங்க உதவுவோர் கவனிக்க வேண்டிய அமைப்பு முழுவதும் அதில் இருக்கிறது.

கல்லூரிக் கிளைகளுக்கு மிகப் பழகிய வேலையான ரத்ததானத்தை நெருங்கிப் பார்த்தால், வழக்கமான உதவி எங்கெல்லாம் தவறுகிறது என்பது துலங்கும். பணத்துக்கு ரத்தம் கொடுப்போரை நம்பியிருந்த முறைக்கு உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு முடிவு கட்டியது. 1998 ஜனவரி 1 முதல் அந்த முறை ஒழிந்தது. அதிலிருந்து தன்னார்வக் கொடையாளர்களே முதன்மை ஆதாரம். அவர்களில் கல்லூரி மாணவர்களின் பங்கு பெரிது. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

வழக்கமான கிளை இதை எப்படி நடத்துகிறது? ஆண்டுக்கு ஒரு பெரிய முகாம். பெரும்பாலும் தேசியத் தன்னார்வ ரத்ததான நாளான அக்டோபர் 1ஐ ஒட்டி. எத்தனை யூனிட் என்பதுதான் பேச்சு. பக்கத்துக் கல்லூரியும் அதே வாரத்தில் முகாம் போடுகிறது. சேமிப்புப் பைகளில் சிவப்பணுக்கள் 35 நாளிலிருந்து 42 நாள்வரை இருக்கும்; தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். ஒரே வாரத்தில் குவியும் ரத்தம் அதற்கடுத்த மாதத்துப் பற்றாக்குறையைத் தீர்க்காது. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது ரத்த வங்கிகள் வறண்டுபோவது ஆண்டுதோறும் நடப்பது. ரத்த வங்கிக்கு வேண்டியது விடுமுறைக்குச் சற்றுமுன் ஒரு சிறு முகாமும், டெங்கு பரவும் மழைக்காலத்தில் கூப்பிட்டால் வரக்கூடிய தட்டணுக் கொடையாளர் பட்டியலும். கிளை தொடங்கும் மாணவருக்கு உதவுவோர் முதலில் செய்ய வேண்டியது அவரை ரத்த வங்கி மருத்துவரின் எதிரில் உட்காரவைத்து, எந்த மாதம், எத்தனை யூனிட் என்று கேட்கச் செய்வது. சாதனை எண்ணிக்கையைத் துரத்தும் கிளை அந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

முகாமில் இன்னொரு இடமும் கவனத்துக்குரியது. விரலைக் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் தாமிர சல்ஃபேட் கரைசலில் விடுகிறார் ஆய்வக நுட்புநர். சொட்டு நேரே அடியில் இறங்கினால் கொடுக்கலாம். மிதந்தாலோ பாதியில் தயங்கி மேலே வந்தாலோ ஹீமோகுளோபின் போதாது. மகளிர் கல்லூரி முகாமில் அந்த மேசையிலிருந்து திரும்பிப் போகும் வரிசை நீளமானது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. அந்த மேசையில் நடப்பது வளாகத்தின் மிகப் பெரிய உடல்நலச் சிக்கலின் கண்டுபிடிப்பு. மாணவிக்குக் கிடைப்பதோ “பரவாயில்லம்மா, அடுத்த தடவை பார்க்கலாம்” என்ற ஆறுதலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். யூனிட் எண்ணும் கிளைக்கு அவர் ஒரு கழிவு. உடல்நலக் கிளைக்கு அன்றைய முகாமின் முதல் பயனாளி அவர்தான்: பெயரை அவர் சம்மதத்தோடு எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையான சோதனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் அனுப்பி, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது ஒரு இரண்டாமாண்டு மாணவி செய்துவிடக்கூடிய வேலை. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கொடுத்து முடித்தவர்கள் உட்காரும் சிற்றுண்டி மேசையையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. முதன்முறை கொடுக்கும் இளைஞர்களுக்கு மயக்கம் வருவது மற்றவர்களைவிட அதிகம். கால் மணி நேரம் உட்காரவைத்து, ஜூஸ் குடித்தாரா என்று பார்த்து, முகம் வெளுத்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்தத் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும். எல்லோரும் பார்க்க மயங்கி விழுந்தவர் மறுபடி வர மாட்டார். அவருடைய நண்பர்களும் யோசிப்பார்கள். தலைவர் அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்.

இன்னும் கடினமானது முகாமுக்குப் பிறகு வருவது. பெற்ற ஒவ்வொரு யூனிட்டும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. ஏதேனும் ஒன்றில் ஐயம் வந்தால் ரத்த வங்கி ஆலோசகர் அந்தக் கொடையாளரை நேரடியாக அழைப்பார். அந்த விவரம் கிளைக்கோ பொறுப்பாசிரியருக்கோ முதல்வருக்கோ ஒருபோதும் போகக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. நல்லெண்ணத்தோடு “எங்க பசங்க ரிப்போர்ட் எல்லாம் அனுப்புங்க சார்” என்று கேட்கும் மாணவத் தலைவருக்கு இது தெரியாது. சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார். தலைமைப் பண்புப் பயிலரங்கில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

கிளைகளின் எண்ணிக்கையை வெற்றியாகக் கொள்ளும் பழக்கத்துக்கு ஜிம்பாப்வே நல்ல மறுப்பு. அங்கே ரத்தத்துக்குப் பள்ளி மாணவர்களை நம்பியிருந்தார்கள். முகாம்கள் நன்றாகவே நடந்தன. பள்ளி முடிந்ததும் கொடையாளர்கள் காணாமல் போனார்கள். ரத்தமாற்றுப் பணியகம் இன்னும் நிறையப் பள்ளிகளுக்கு ஓடியிருக்கலாம். அதற்கு மாறாக 1989இல் தோன்றியது 25 முறை ரத்தம் கொடுப்பதாக இளைஞர்கள் உறுதியெடுத்துக்கொள்ளும் சங்கம். பள்ளியை விட்டு வெளியேறுவதோடு உறுப்பினர் உறவு முடியவில்லை. எச்.ஐ.வி. கடுமையாகப் பரவியிருந்த நாட்டில், ரத்தம் கொடுக்கத் தகுதியாக இருப்பதற்காகவே உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கை முறையைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரத்த வங்கிக்கு மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட பாதுகாப்பான கொடையாளர்கள் கிடைத்தார்கள். செஞ்சிலுவை அமைப்புகள் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயின. எண்ணப்பட்ட பொருள் மாறியதுதான் இதில் விஷயம்: எத்தனை பள்ளிகள் என்பது போய், ஒருவர் எத்தனையாவது முறை வருகிறார் என்பது கணக்காயிற்று. தமிழ்நாட்டு ஆண் மாணவர் ஒருவர் முதலாண்டில் 18 வயதில் தொடங்கினால், 90 நாள் இடைவெளிக் கணக்கில் மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு முறைவரை கொடுக்க முடியும். இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர் என்று கிளைகளிடம் கேட்டால் பதில் வராது. யாரும் எழுதி வைப்பதில்லை.

மாணவர் கிளை நிர்வாகத்தோடு மோதக் கூடாது, தொண்டோடு நிற்க வேண்டும் என்ற எண்ணமும் வழக்கமான கருத்தின் ஒரு கூறு. மாணவர்கள் எந்த நிறுவனத்துக்குள் இருக்கிறார்களோ அந்த நிறுவனத்திடம் கேள்வி கேட்பது அவர்களால் மட்டும் முடிந்த காரியம் என்பதை இது மறக்கிறது. ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதை விற்கும் உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்திடம். தென்னாப்பிரிக்காவில் மலிவான பொதுப்பெயர் மருந்தை அனுமதிக்குமாறு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 பிப்ரவரியில் யேலுக்கு எழுதியது. சட்ட மாணவி ஏமி கப்சின்ஸ்கியும் உடன் மாணவர்களும் அதை வளாகத்தின் பிரச்சினையாக்கினார்கள். மருந்தின் பயனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃப் அவர்கள் பக்கம் நின்றார். மார்ச்சில் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று அறிவித்து விலையையும் குறைத்தது. அந்த மருந்து பின்னாளில் அதன் பக்கவிளைவுகளால் கைவிடப்பட்டது வேறு கதை. இதிலிருந்து பிறந்த மாணவர் அமைப்பின் கிளைகள் மற்ற பல்கலைக்கழகங்களிலும் அதே கேள்வியை எழுப்பின. எந்த விழிப்புணர்வுப் பேரணியும் செய்யாததை ஒரு குறிப்பான கோரிக்கை ஒரு மாதத்தில் செய்தது. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இதற்கு நேரான கோரிக்கைகள் சிறியவை, ஆனால் கேட்கப்படாதவை: மாணவியர் கழிப்பறையில் தண்ணீர், விடுதி உணவில் என்ன இருக்கிறது, ஆலோசகர் பணியிடம் ஏன் காலி.

மனநலக் கிளைகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. சக மாணவரே சிறந்த ஆலோசகர் என்ற வாசகம் கேட்க இனிமையானது, நடைமுறையில் ஆபத்தானது. இருபது வயது இளைஞரின் தோளில் இன்னொருவரின் உயிரை ஏற்றிவைக்கும் உரிமை எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இல்லை. கவனித்துக் கேட்பது, தனியே விடாதிருப்பது, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ மருத்துவரையோ சேரும்வரை உடன் இருப்பது; கிளை உறுப்பினரின் வேலை அங்கே முடிகிறது. அதற்குமேல் பொறுப்பேற்க மருத்துவர் கிடைக்காத இடத்தில் மனநலக் கிளை தொடங்காதிருப்பதே நல்லது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட விதம் வேறு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய அந்த இயக்கம் ஊர்தோறும் தன்னார்வலர்களுக்கு முதலில் பயிற்சி தருகிறது. பிறகு செவிலியரோடு நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. மாணவர் குழுக்கள் இந்த வலைக்குள் வந்தவை. மாணவர் போகும் வீட்டுக்கு அவருக்கு முன்பே செவிலியர் போயிருக்கிறார். மாணவர் படிப்பு முடித்துப் போன பிறகும் செவிலியர் போவார். மாணவர் படுக்கையருகே உட்கார்ந்து பேசுகிறார், மருந்து வாங்கி வருகிறார், உண்டியல் வைத்துப் பணம் திரட்டுகிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது செவிலியரின் வேலை. கல்லூரி மூடினாலும் நோயாளி கைவிடப்படுவதில்லை, ஏனென்றால் அவர் ஒருபோதும் மாணவரை மட்டும் நம்பியிருக்கவில்லை.

கிளை தொடங்க உதவுவது என்பதன் வரிசை இதிலிருந்து கிடைக்கிறது. மாணவரைத் தேடுமுன் கல்லூரிக்கு அருகில் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவரும் ஒரு ரத்த வங்கியோ ஆரம்ப சுகாதார நிலையமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வுபெறவோ மாற்றலாகவோ இன்னும் சில ஆண்டு இருக்கும் ஓர் ஆசிரியரைப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே நான்கு சங்கங்களின் பொறுப்பைச் சுமப்பவர் வேண்டாம். பிறகுதான் மாணவர், அவரும் இரண்டாமாண்டு மாணவராக, ஒருவருக்கு இருவராக. பெண்கள் படிக்கும் கல்லூரியில் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ரத்தசோகையைப் பற்றித் தலைவரிடம் பேச மாணவியர் கூச்சப்படும் கிளை பாதிக் கிளை. முதல் செமஸ்டரில் ஒரே வேலை, விழா இல்லாமல். ஜனவரியில், அவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும்போதே, முதலாண்டு மாணவர் இருவர் அவர்களோடு சேர்ந்து ஒரு முகாமை நடத்த வேண்டும். எண்கள், கடிதங்கள், ரசீதுப் புத்தகம், கடவுச்சொல் எல்லாம் பொறுப்பாசிரியரின் அலமாரியில் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். ஜூலையில் நேரில் வருவார், ஏனென்றால் கிளைகள் கலையும் மாதம் அது. பயணச் செலவில் பெரும்பகுதி தொடக்க விழாவுக்குப் போகாமல் இந்த ஜூலைக்குப் போக வேண்டும்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் மாணவர் உற்சாகம் வடிந்துவிடும் என்பார்கள். உற்சாகம் வடிவது முதல்வர் அறை வாசலில் மூன்றாம் முறை காத்திருக்கும்போது, தலைமையகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராதபோது. நிபந்தனையால் மனம் சோர்ந்தவர்களைவிடக் கைவிடப்பட்டதால் சோர்ந்தவர்களே அதிகம். ஐம்பது கல்லூரிக்கு இப்படிச் செய்ய ஆள் இல்லை என்று நிறுவனங்கள் சொல்லும். உண்மைதான், அப்படியானால் ஆறு கல்லூரிகளில் தொடங்கட்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் வசதியான நகரக் கல்லூரிகளே கிளை பெறும்; எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ஆணையில் போகும் அரசு முறையாவது கிராமப்புற மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரக் கல்லூரியை முன்னுக்குத் தள்ளுவது தேர்வு முறையைவிடத் தலைவரைத் தேடும் முறைதான்: ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பி, காணொளி நேர்காணலில் தன்னைப் பற்றி மூன்று நிமிடம் பேசக்கூடியவர் எந்தக் கல்லூரியில் இருப்பார் என்பது தெரிந்ததே. ரத்த வங்கியின் தேவையையும் ரத்தசோகையின் அளவையும் வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் வட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரி முதல் வரிசைக்கு வரும். அங்கே கூட்டத்தை மதிய இடைவேளையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கிளையை மூடுவதற்கும் ஒரு முறை இருக்க வேண்டும். வழக்கமான கையேடுகளில் அப்படி ஒரு பக்கமே இருப்பதில்லை. பொறுப்பாசிரியர் போய் வேறொருவர் வராமலோ, அடுத்த இருவர் கிடைக்காமலோ, கூட்டாளியான மருத்துவ நிலையம் விலகியோ ஒரு கல்வியாண்டு கடந்தால் கிளையை மூடிவிட வேண்டும். முதல்வருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் மீதிப் பணத்தையும் திரும்பப் பெற வேண்டும். கொடையாளர் பட்டியலை, அதில் உள்ளவர்களின் சம்மதத்தோடு ரத்த வங்கியிடம் ஒப்படைத்துவிட்டு மாணவர் கைப்பேசிகளிலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும். சமூக ஊடகப் பக்கத்தை முடக்கி, அந்த ஆண்டின் அறிக்கையில் கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பின்னொரு ஆண்டில் இரண்டு இரண்டாமாண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் வந்து கேட்டால், பழைய கோப்பை எடுத்துக் கொடுத்துப் புதிய அனுமதிக் கடிதத்தோடு தொடங்கலாம்.